நீர்மட்டம்

ஹார்லிங்கனில் விடியாத நாலு மணி.
மதகுக் கட்டுப்பாட்டு அறையில் ஹீட்டர் முனகுகிறது.
வீட்ஸ்கெ ஈரக் காலுறைகளை அதன்மேல் போட்டுவிட்டு
வெறுங்காலோடு திரையில்
ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீர்மட்டம்: கெட், செட்.

உடல் இல்லாத வரி.
இடைமுகத்தில் எழுதுவதெல்லாம் அப்படித்தான்,
வாக்கு மட்டும்.
நாலு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை
ரெய்னவுட் அதை எழுதினான்.
சோதனைக்கு ஒரு பொய்க் கடல் வேண்டியிருந்தது,
இரண்டு மீட்டர் என்றால்
இரண்டு மீட்டரில் நிற்கிற கடல்.
செட் என்று சேர்த்தான். பச்சை விளக்கு எரிந்தது.
பியருக்குப் போனோம்.
ஆமாம், போனோம். சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது நான்.

நேற்றிரவு வடமேற்குக் காற்று.
உணரி உப்பேறிச் செத்தது.
மதிப்பு வரவில்லை என்றதும்
ஏதோ ஒரு மூலையில் கிடந்த மீட்பு நிரல்
தானாகவே பூஜ்ஜியத்தை இட்டது.
கம்பைலர் எப்படித் தடுக்கும்?
இடலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தவர்கள் நாங்கள்.
மதகு நம்பியது, திறந்தே கிடந்தது.
கடல் நம்பவில்லை.
டௌவெயின் கிடங்கிலிருந்து இறால் பெட்டிகள்
வாசல் வழியாக, வரிசையாக, மிதந்து போயின.
அவர் தொலைபேசியில் கத்தியதை இங்கே எழுத முடியாது.

கதவுத்திறப்பு என்று கீழே இன்னொரு பண்பு.
அதற்கும் கெட், செட். அது சரி.
கதவு சொன்னால் கேட்கும், மோட்டார் இருக்கிறது.
பண்பை அறிவிப்பது
அது யார் சொல் கேட்கும் என்று அறிவிப்பது.
இதை நான் இப்போது சொல்கிறேன்,
பெட்டிகள் போன பிறகு.

"அப்போ உன் பொய்க் கடல்?" என்கிறேன்.
"அந்த வகுப்பு தனக்குள்ளே செட் வைத்துக்கொள்ளட்டும்.
அது அதன் வீட்டு விவகாரம்.
வாசலில் எழுதி ஒட்ட வேண்டாம்."
ஒரு சொல்லை அழிக்கிறாள்.
கட்டமைக்கிறாள்.

திரை சிவக்கிறது. பதினேழு பிழைகள்.
பதினேழு இடங்களில்
கடலுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்,
ஒன்றில் கழித்தல் குறியோடு.

ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துகிறாள்.
ஜன்னலுக்கு வெளியே அளவுகோல் கம்பத்தில்
டார்ச் அடித்து நான் வாசிக்கிறேன்:
ஒன்று தொண்ணூற்று நாலு.
ஒன்று தொண்ணூற்று ஒன்று.
இறங்குகிறது, எங்களைக் கேட்காமல்.

பதினாறு முடிந்தது.
கடைசியை அவள் தொடவில்லை.
அந்த வரியின் ஓரத்தில் என் பெயர்.
நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு
காலுறை காய்ந்ததா என்று பார்க்கப் போனாள்.