ஒயர் கொஞ்சம் குட்டை

முந்நூறு சொல்லுக்கு நூற்றெண்பது ரூபாய்.
பொருள் வராது, படம் மட்டும் வரும்.
பச்சை மிக்ஸி, மூன்று ஜார்,
பின்னால் யார் வீடோ, ஒரு வெள்ளைச் சமையலறை.
அந்தப் படத்தில்
ஆறு மாதம் சட்னி அரைத்தேன்.
சத்தமே இல்லை என்று எழுதினேன்.
தொட்டிலில் கிடக்கிற பிள்ளை முழிக்கவில்லை என்றேன்.
பிள்ளைக்கு எட்டு மாதம் என்றும் போட்டேன்,
யார் வந்து பார்க்கப்போகிறார்கள்.

அந்த வாரம் நான் கோயம்புத்தூர் இல்லத்தரசி.
முந்தின வாரம்
சேலத்தில் ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர்,
முதுகுவலி, மெத்தை.
அதற்கும் முன்னால் முடி கொட்டிய கல்லூரிப் பெண்.
பாளையங்கோட்டை சமாதானபுரத்தில்
ஒரு மாடி வீட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
எத்தனை பேருக்கு நோய் கொடுத்து
எத்தனை பேருக்குத் தீர்த்திருக்கிறேன்.
கரண்டு பில் கட்டியது
எந்த வியாதியில் என்று நினைவில்லை.

அனுப்பியதை அந்தப் பையன் திருப்பி அனுப்பினான்:
‘அஞ்சு ஸ்டார் வேணாம் மேடம், நாலரை போடுங்க.
சின்னதா ஒரு குறை சொல்லுங்க.
அப்பத்தான் நம்புவாங்க.’
குறைக்குத் தனிக் காசு கிடையாது.
அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.
‘ஒயர் கொஞ்சம் குட்டை’
தட்டிவிட்டு ஓடினேன்.

ஐப்பசியில்
கீழ்வீட்டு செல்வகனி மைனி மிக்ஸி வாங்கினார்.
பச்சை.
காலை ஆறரைக்கு
தரையைத் துளைத்துக்கொண்டு என் பாதத்தில் ஏறியது,
மாவு மில்லுக்கு மேல் குடியிருப்பது போல.

மூன்றாம் நாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.
‘ஏட்டி, காதைப் பிய்க்குது கேட்டியா.
வாங்குததுக்கு முந்தி செல்லுல பாத்தேன்.
எவளோ கோயம்புத்தூர்க்காரி, கைப்பிள்ளைக்காரி,
சத்தமே இல்லன்னு எழுதிருக்கா.
அவளுக்குக் காது அவிஞ்சு போச்சு போல.’

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
கொடியில் துணி காய்ந்திருந்தது.

‘ஆனா ஒண்ணு.
ஒயர் குட்டைன்னு எழுதிருந்தா பாரு,
அது நெசந்தான்.
பிளக்குக்கு எட்டவே மாட்டேங்கு.
பாவம், அந்த மட்டுக்கும் உண்மையச் சொன்னாளே.’

மேசைக்குக் கீழே குனிந்து
என் எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தேன்.
‘ஒனக்கு வேலைக்கு வேண்டாமா?’
வேண்டாம் மைனி என்றேன்.
அன்று சார்ஜ் தீரும் வரை
ஒரு வெந்நீர்ப் பானையைப் புகழ்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம்.
துரைசிங் அண்ணாச்சி ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்தார்.
‘சீமையிலே விளையாத காய்! சர்க்கரை தோத்துப் போவும்!’
காம்பில் பூஞ்சை.
முதல் வரிசைக்கே தெரிந்தது.
ஆயிரத்து இருநூறுக்குப் போனது.
எடுத்தவர் சிரித்துக்கொண்டே
மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிட்டார்.
பந்தல் முழுக்கச் சிரிப்பு.
அந்தப் பொய்யில் எல்லாருக்கும் பங்கு இருந்தது.
பக்கத்தில் மைனி என் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
நாலரை, என்று
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஒரு கிண்ணம் தேங்காய்த் துவையல் வந்தது.
ஒயர் எட்டிவிட்டதாம்.
வாசலிலேயே நின்றார்.
‘எப்படி இருக்குட்டீ?’
வறுத்த மிளகாய் வத்தல், கொஞ்சம் புளி,
அம்மியில் அரைத்தது போல் திப்பி திப்பியாக.
நன்றாக இருந்தது.
‘நல்லா இருக்கு மைனி’ என்றேன்.
அது போதவில்லை, என் வாய்க்கு.
‘உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி.’

உப்பு சரியாகத்தான் இருந்தது.

அவர் நம்பிவிட்டார்.
மறுநாள் காலை
ஆறரை மணிச் சத்தம் ஓய்ந்ததும்
இன்னொரு கிண்ணம் படியேறி வந்தது,
கைப்பில் நாக்கு சுருங்குகிற உப்போடு.
வாசலிலேயே நிற்கிறார்.