மூன்று மைல் பாக்கி

எங்கள் ஊரில் மைலை யாரும் அளக்க வேண்டாம்.
எப்போதோ யாரோ சங்கிலி பிடித்து
அளந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.
மைலுக்கு ஒரு சரளைச் சாலை,
கிழமேலாக, தென்வடலாக.
கட்டம் போட்ட கணக்கு நோட்டு, எங்கள் நெப்ராஸ்கா.
ஒரு கட்டம் சுற்றினால் நான்கு,
இரண்டு தரம் சுற்றினால் எட்டு.
பொய் சொல்ல வசதிப்படாத ஊர்.

ஜூன் முதல் வாரம் பதினெட்டு.
அப்புறம் இருபத்தொன்று, இருபத்து நான்கு.
நான்காம் வாரம் இறக்கு, பிறகு ஏற்று
என்றது ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள்.
கோடையில் கூட வந்து ஓடவைக்கப்
பயிற்சியாளருக்கு அனுமதியில்லை.
தாளுக்கு உண்டு.

ஜூலையில் ஐந்தரைக்குச் சோளக்காட்டு பஸ்.
மக்காச்சோளத்தின் ஆண்பூவைப் பிடுங்கி
வரப்பில் எறிந்துகொண்டே நடக்கும் வேலை.
கழுத்தெல்லாம் தடிப்பு,
முழங்கை வரை இலை கிழித்த கோடுகள்.
அதற்கு முன்னால் ஓட வேண்டும்,
நாலரை மணிக்கு,
பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்.
பேச ஆளில்லை.
சக்கரம் வைத்த நீர்க்குழாய் ஒன்று
வயலை விட்டுச் சாலைக்கும் ஒரு வீச்சு தெளிக்கும்.
வேதியியலில் தோற்றதை
அதனிடம்தான் முதலில் சொன்னேன்.

ஜூலை பதின்மூன்று, ஞாயிறு.
எட்டு மைல்.
ஐந்தாவது முடிகிற மூலையில்
கோல்ட்டரின் பிக்கப் வந்து நின்றது.
பம்பு பார்க்கப் போகிறானாம்.
"ஏறிக்கோ, ஏசி ஓடுது."
ஏறிவிட்டேன்.
மிச்சம் மூன்று பக்கமும்
கண்ணாடிக்கு வெளியே
என்னைத் தொடாமல் போயின.

வீட்டுக்கு வந்து எட்டு என்று எழுதினேன்.
பேனாவில்.
சுழித்துச் சுழித்துத்
தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வருகிற எண்.

யாருக்கும் தெரியவில்லை. காலுக்கும்கூட.
அடுத்த வாரம் முப்பத்து மூன்று,
ஆகஸ்டில் முப்பத்தைந்து, முப்பத்தேழு.
சுவர் ஏறிக்கொண்டே போனது.
அடிவரிசையில் மூன்று செங்கல் மட்டும்
காற்று.

பள்ளி திறக்குமுன் புல்தரையில் கூடினோம்,
ஆளுக்கொரு தாளோடு.
இட்ஸெலின் தாள் பென்சிலில், வியர்வை பட்டு மங்கி.
'ஜூலை பதினைந்து: பூஜ்யம். தங்கைக்குக் காய்ச்சல்,
அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்.
பதினாறு: இரண்டு. பாதி நடந்தேன்.'
பூஜ்யத்தை அவள்
மற்ற எண்களைப் போலவே
நன்றாக வட்டமாகப் போட்டிருந்தாள்.
மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு.
என்னுடையதைப் பார்த்து
"இருநூற்று எழுபத்தொன்றா!" என்று கத்தினாள்.
அவளே ஓடியதுபோல் சந்தோஷம்.

எழுதாக் கடன் அழுதாலும் தீராது என்பார்கள்.
எழுதிய கடனுக்கு
என்ன வழி என்று யாரும் சொல்லவில்லை.

அன்றிரவு கோல்ட்டருக்கு போன் போட்டேன்.
"அந்த மூலையில் என்னை இறக்கிவிடு."
"எதுக்கு?"
"அங்கே ஒண்ணை விட்டுட்டு வந்துட்டேன்."
இறக்கினான். டார்ச் வேண்டுமா என்றான்.
வேறெதுவும் கேட்கவில்லை,
திரும்பிப் போனான்.

சோளம் இப்போது என்னைவிட உயரம்.
முதல் பக்கத்தில் ஒரு நாய் பாதி தூரம் கூடவே வந்து
தன் எல்லையில் நின்றுகொண்டது.
இரண்டாவதில் ஒன்றுமே இல்லை.
சரளை, என் மூச்சு, சரளை.
மூன்றாவதில் திரும்பியதும்
எங்கள் சமையலறை விளக்கு,
கடைசி வரை சின்னதாகவே இருந்து
திடீரென்று சன்னலானது.

தாளை எடுத்தேன். ஆகஸ்ட் பதினொன்று.
பேனாவைத் திறந்து, மூடி வைத்தேன்.
இதை எழுதினால் மறுபடியும் கணக்குத் தப்பும்.

மறுநாள் இட்ஸெல் அந்தக் காலிக் கட்டத்தைக் காட்டி
"நேத்து ஓய்வா?" என்றாள்.

"ஆமாம்," என்றேன்.