இணைப்பு: அழைப்புப் பட்டியல்

தம்புச் செட்டித் தெருவில், மாடிப்படிக்குக் கீழே
ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு தட்டச்சர்.
‘உறவுமுறை?’ என்றார் நிமிராமல்.
ஸ்டெப் ஃபாதர் என்றேன்.
‘ஸ்டெப்புன்னா படிதானேம்மா.
எத்தனை படி வேணும்?’
நகலைத்தான் கேட்டார்.
மூன்று என்றேன்.

அம்மா குணசிங்கைக் கைப்பிடித்தபோது
எனக்குப் பதினெட்டு நிறைய நாற்பத்தொரு நாள் பாக்கி.
அயனாவரம் சர்ச்சில் நான் வைத்திருந்த முகம்
போட்டோவில் இன்னும் உர்ரென்றுதான் இருக்கிறது.
பாஸ்டருக்குக் காய்ச்சல் கண்டு
தேதி இரண்டு மாதம் தள்ளியிருந்தால்
சட்டத்தின் கண்ணில் நான் அவருக்கு யாரோ.

பிறகு இருபத்தொன்றைத் தாண்டினேன்.
அம்மாவின் பெயர் வந்தது, என் பெயர் உதிர்ந்தது.
‘அவர் சிட்டிசன் ஆனதும் உனக்குப் போடுவார்’ என்றாள்
மீனம்பாக்கத்தில், டிராலியை விடாமல்.
போட்டார்.
மனு எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்,
ரத்த வகையைக் கேட்டால் யோசிப்பேன்.

மாதாமாதம் ஒரு பட்டியல் வரும்.
தேதி நகரும், பல மாதம் நிற்கும்,
பாலத்து ஏற்றத்தில் பழைய 29சி போல
ஒருமுறை பின்னாலும் உருண்டது.
அதுவரை மணமாகாதவளாக இருக்க வேண்டும்.
மணமானால் வேறு வரிசை, இன்னும் நீளம்.
ஐ.சி.எஃப்பில் வெல்டராக இருந்த ஆரோன்
நான்கு கிறிஸ்மஸ் காத்திருந்தான்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
அவனுக்கு இப்போது ரெட்டைப் பிள்ளைகள்.

இடையில் அம்மா செத்துப்போனாள்,
எடிசனில், ஒரு பிப்ரவரியில்.
பெட்டியை மூடியதை வீடியோவில் பார்த்தேன்;
படம் உறைந்து உறைந்து வந்தது.
மிஞ்சியது நாங்கள்,
நடுவில் ஆளில்லாத இரண்டு பேர்.
மனு சாகவில்லை என்றார் வக்கீல்.
உறவு தொடர்கிறது என்பதற்கு மட்டும்
சான்று வேண்டுமாம்.

என்ன சான்று?
அவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், தெரியாது.
அங்கிள் என்றது அம்மாவுக்காக.
அவள் போன பின் அவர் பெயர்
‘ம், சொல்லுங்க.’
ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு தேடும் நேரம்
போன் வரும். அங்கே நடுநிசி.
‘மழையா?’
‘இல்ல.’
‘பணம் வந்துச்சா?’
‘வந்துச்சு.’
‘சரி.’

பெரவள்ளூர் ஜெராக்ஸ் கடையில்
ஏழு வருட ஞாயிறுகளைப் பிரிண்ட் எடுத்தேன்.
1:32. 1:40. 0:58.
புயல் வந்த டிசம்பரில்
கரண்டும் சிக்னலும் செத்த ஒரே ராத்திரியில்
பத்தொன்பது தவறிய அழைப்புகள்.
அந்தப் பக்கத்தில் மை கொஞ்சம் மங்கல்;
திரும்ப எடுக்கச் சொன்னேன்.
ஸ்டேப்ளர் இறங்காத தடிமன்.
கடைப்பையன் நூல் கோத்துக் கொடுத்தான்.

இன்று ஞாயிறு.
மருத்துவச் சோதனை முடிந்தது.
மும்பையில் நேர்காணல், வெள்ளிக்கிழமை.
‘மழையா?’
‘வெயில்.’
‘உங்கம்மா கோட்டு ஒண்ணு இருக்கு.
நல்ல கோட்டு. உன் தோள் அளவு என்ன?’
தெரியாது என்றேன்.
‘டேப் எடுத்து அளந்து சொல்லு.
நான் லைன்ல இருக்கேன்.’

தையல் மெஷின் டிராயரில் டேப் கிடைத்தது.
தன் தோளைத் தானே அளக்க முடியாது என்பது
அளக்கப் போனால்தான் தெரிகிறது.
மாடிவீட்டு ஷாகிராவைக் கூப்பிட்டேன்.
மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
அவ்வளவு நேரமும் போனில்
ஹீட்டரோ என்னவோ ஒரு இரைச்சல்.
‘பதினாலரை.’
‘அவளுக்குப் பதினஞ்சு’ என்றார்.
‘பரவால்ல, உள்ள ஸ்வெட்டர் போட்டுக்கலாம்.’

11:20.
நூல் கோத்த கட்டு மேசைமேல் இருக்கிறது.
இது அதில் இல்லை.