கண்டி வரைக்கும் அழு

அழாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை உனக்கு.
அழுதால் சிவந்தாய்.
வாய் மூடி மார்பைக் கவ்வினால்
உதடு நாவற்பழம்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி
மெல்லிய குழாயொன்றை மூக்கில் விட்டாள்.
ஒரு விரல் நீளம். நின்றது.
மற்றத் துவாரம்.
அதுவும்.

கினிகத்தேனை வளைவுகளில்
வாயில் ஒட்டிய பிளாஸ்டிக் நழுவ நழுவ
உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தேன்:
அழு லோஜிதா, கண்டி வரைக்கும் அழு.

டொக்டர் கிளினிக் அட்டையின் பின்னால்
இரண்டு கோடு கீறினார்,
முடிவில் குறுக்கே எலும்பு.
"பின்னால கதவு இல்ல. நாங்க போடுறது."
அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.
எனக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

வெளியே வாங்கில் உன் அப்பா
கையெழுத்துப் போட்ட பேனையைத்
திருப்பிக் கொடுக்காமல்
மூடி திறந்து, மூடி திறந்து.

இன்று லயத்தில் நடுச்சாமம்.
மூக்குக்குள் இரண்டு சின்னக் குழாய்,
மணிக்கொரு தரம் உப்புத்தண்ணீர்ச் சொட்டு.
வாய் மூடித் தூங்குகிறாய்.
சத்தமே இல்லை.
பயந்துபோய்க்
கன்னத்தைக் கிள்ளிவிட்டேன்.

பக்கத்துக் காம்பிராவிலிருந்து
சுவரில் தட்டுகிறார்கள்,
பச்சைப்பிள்ளையை இப்படி அழவிடாதே என்று.