ரஞ்சிதமலரின் முகப்பு

லெபோ பந்தாயில் இரண்டாவது மாடி,
கப்பல் முகவர் அலுவலகம்.
எனக்குத் தந்த நாற்காலி
இன்னும் அவள் உயரத்தில் இருக்கிறது.
என் கால் தரையைத் தொடவில்லை.

கணினியைத் திறந்தால்
அவள் அடுக்கிவைத்த பக்கம்தான் வருகிறது.
"வேண்டாததை எடுத்துடு,
உன் இஷ்டத்துக்கு மாத்திக்கோ" என்றார் மிஸ்டர் ஊய்.
ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும்
எறும்பளவு ஒரு பெருக்கல் குறி.
அமுக்கினால் போதும்.

அமுக்கவில்லை.

இடப்பக்கம் வானிலை.
பாயான் லெப்பாஸ், இடியோடு மழை, முப்பத்தொன்று.
அதற்குக் கீழே டனீடன், ஏழு.
நியூசிலாந்தில் இருக்கிறது என்று
தேடித்தான் தெரிந்துகொண்டேன்.
யார் இருக்கிறார்கள் அங்கே என்பதைத் தேட முடியவில்லை.
டனீடனில் தூறல் என்று காட்டினால்
பைக்குள் கைவிட்டு
என் குடை இருக்கிறதா பார்க்கிறேன்.

நடுவில் செய்தியோடைகள்:
கப்பல் வருகை, தங்க விலை,
ஓர்க்கிட் செடிகளுக்கு வரும் நோய்கள்.
ஓர்க்கிட் மார்ச்சோடு நின்றுவிட்டது.
கடைசித் தலைப்பு
'வேர் அழுகினால் முதலில் செய்யவேண்டியது'.
சொடுக்கினால், பக்கம் இல்லை.
ஆகவே இன்றுவரை எனக்குத் தெரியாது.

குறித்துவைத்தவை இருபத்துமூன்று.
பேரி நேரம். சேமநிதிக் கணக்கு.
ஆயர் ஈத்தாமில் வாடகைக்கு, இரண்டு அறை.
பத்தே நிமிடத்தில் நண்டுக் குழம்பு.
ஆயர் ஈத்தாமில் வாடகைக்கு, ஓர் அறை.

வலது மூலையில் ஒரு நாள் எண்ணி.
பெயர் எழுதும் இடத்தில் 'அது' என்று மட்டும்.
நான் வேலைக்குச் சேர்ந்த அன்று
அதற்கு இன்னும் 96 நாள்.

"கல்யாணமா இருக்கும்" என்றாள்
கணக்குப் பிரிவு நூர்ஹயாத்தி.
கார் கடன் முடியும் நாள் என்று
அடித்துச் சொன்னார் மிஸ்டர் ஊய்.
கீழே காவல் இருக்கும் சண்முகராசாதான்,
கடைசி நாள் அவள் இரண்டு முறை
படியேறித் திரும்பி வந்ததைச் சொன்னார்.
ஒருமுறை அலமாரிச் சாவியைக் கொடுக்க.
ஒருமுறை சும்மா.

ஆகஸ்டில் புகைமூட்டம்.
எதிர்க்கரை பட்டர்வொர்த் காணாமல்போன காலையில்
காற்று மாசுக்கு ஒரு பெட்டி சேர்த்தேன்.
இங்கே நான் வைத்த முதல் பொருள்.
இடமில்லாமல் அவளுடைய தங்க விலையை
ஒரு படி கீழே இறக்கினேன்.
அன்று முழுக்க யாரோ வீட்டில்
கேட்காமல் கட்டிலை நகர்த்திய மாதிரி இருந்தது.

மூன்று. இரண்டு.
ஒன்று என்று காட்டிய மாலை
மைசூர்பாகு வாங்கக் கடைக்குப் போனேன்.
நல்லதா கெட்டதா தெரியாத ஒன்றுக்கு
எத்தனை கிலோ வாங்குவது?
கால் கிலோ.

புதன்கிழமை, பூஜ்யம்.
போர்ட் கிளாங்கிலிருந்து வரவேண்டிய கப்பல் தாமதம்.
டனீடனில் தெளிந்த வானம்.
"என்ன விசேஷம்?" என்றாள் நூர்ஹயாத்தி,
நெய் விரலைத் துடைத்தபடி.
நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது,
பாய்ந்து எடுத்தேன்.
யாரோ பீட்சா கேட்டார்கள்.

வியாழன் காலை: −1.

இப்போது −41.
நிறுத்து என்று யாரும் சொல்லாததால்
அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது.

நேற்று பக்கத்தின் உச்சியில் மஞ்சள் பட்டை ஒன்று.
இந்தச் சேவை முடிவடைகிறது,
உங்கள் தரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.
உங்கள் என்று
என்னைத்தான் சொன்னதா?

எடுத்துக்கொண்டேன்.
பதினான்கு கிலோபைட், ஒரே கோப்பு.
நாற்காலியின் நெம்புகோலைத் தூக்கி உட்கார்ந்தேன்.
புஸ்ஸென்று இறங்கியது.
கால் தரைக்கு வந்தது,
திரைதான் கொஞ்சம் மேலே போய்விட்டது.

பேரியில் கம்பியைப் பிடித்தபடி
டனீடனில் இப்போது மணி என்ன என்று
கணக்குப் போடுகிறேன்.
அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் மாதமாம் இது.
நாலு கூட்டுவதா, ஐந்தா?