விரலகலம்

காற்று போன ஆறாம் நாள்
மின்சாரம் வந்தது.
இருபத்தேழாம் நாள்
காப்பீட்டுக் கடிதம் வந்தது.
ஊஞ்சலுக்குப் பாதி, வேலிக்குப் பாதி,
மரங்களுக்கு இல்லை.
மரம் அவர்கள் அகராதியில்
தானாக வந்து தானாகப் போவது.

சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள்.
வெள்ளத்தைப் பார்த்தாயிற்று.
துளிகளை எண்ணும் வேலை
என் தலையில் விழுந்தது.

நோவா ஸ்கோஷியாவில், எங்கள் சிறு துறையில்
தீயணைப்பு நிலையச் சுவரோடு
இரண்டாள் உயரத்துக்கு ஒரு பிளைவுட் வெப்பமானி.
உச்சியில் நாற்பதாயிரம் டாலர்.
வெள்ளிதோறும் ஐவன் மக்காஸ்கில்
ஏணியேறிச் சிவப்புப் பூசுவார்.
கீழே நின்று தொகை சொல்வேன்.

ஹாடக் மீன் சூப், கிண்ணம் பன்னிரண்டு.
பள்ளிப் பிள்ளைகள் பனியில் இழுத்து வந்த
ஒன்பது சறுக்குவண்டிக் காலி பாட்டில்கள்,
ஒன்றுக்கு ஐந்து காசு வீதம்
அறுபத்தொரு டாலர் ஐந்து காசு.
பெயர் வேண்டாம் என்று ஓர் உறையில் நூறு
(கையெழுத்து ஊருக்கே தெரியும்).

இரால் பிடிக்கும் லெஸ்டர் பணம் தரவில்லை.
ரம்பத்தோடு வந்தார்.
சாய்ந்த மேப்பிள் மரங்களை
நான்கு நாள் அறுத்துப் பிளந்து அடுக்கினார்.
அந்த விறகுதான் குலுக்கலில் முதல் பரிசு.

சீட்டு விழுந்தது மர்டீனா வெய்னாட்டுக்கு.
விறகடுப்பே இல்லாத வீடு.
"வாசலில் கொட்டுங்கள், பிறகு பார்ப்போம்" என்றாள்.

பூங்கா வாயிலில் இன்னும் மஞ்சள் நாடா.
ஞாயிறு விடிவதற்குள்
விறகுக் குவியலின் மேல் ஏழு பிள்ளைகள்.
காலையில் அது கப்பல்.
மதியத்துக்கு மேல் கோட்டை.
ஒருத்தி ஒரு கட்டையின் வளையங்களை எண்ணினாள்,
எண்பத்து மூன்றில் விட்டுவிட்டு
சண்டைக்கு ஓடினாள்.

விறகை மறுபடி ஏலம் விட்டால்
முந்நூறு வரும் என்று குழு கணக்குப் போட்டது.
சொல்லப் போனவன் நான்.
மர்டீனா கதவைப் பாதிதான் திறந்தாள்.
"இப்போது எடுக்க முடியாது,
அதன்மேல் ஆள் இருக்கிறது."

அன்றிரவு பேரேட்டைத் திறந்து
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
இதை வரவில் எழுதவா, செலவில் எழுதவா?
ஊஞ்சல் என்று எழுதினால் தணிக்கையில் கேட்பார்கள்.
மரம் என்று எழுதினால்
காப்பீட்டுக்காரன் சிரிப்பான்.
ஒரு வரி காலியாக விட்டு
அடுத்த வரியில் பாட்டில் காசை எழுதினேன்.

மார்ச்சில் சிவப்புச் சாயம் தீர்ந்துபோனது.
படகின் அடிவயிற்றுக்குப் பூசிய பச்சை மிச்சமிருந்தது,
அதையே எடுத்துக்கொண்டு ஏறினார் ஐவன்.

"எவ்வளவு?"
பதினோராயிரத்து நானூறு என்று கத்தினேன்.
கடற்காற்றில் அவருக்கு
என்ன கேட்டதோ,
நான் சொன்னதற்கு ஒரு விரலகலம் மேலேயே
பூசிவிட்டார்.

கணக்கெழுதுபவன் நான்.
அண்ணாந்து பார்த்தேன்.
ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.