தட்டில் ஒரு முடிச்சு

குத்தாயிஸியில் விருந்து என்றால்
தட்டில் மிஞ்சும் முடிச்சுகளை எண்ணுவார்கள்.
கின்காலியின் கொழுத்த வயிற்றைக் கடித்து
சாற்றை உறிஞ்சித் தின்றுவிட்டு
உச்சியிலுள்ள மாவுக் கொண்டையை மட்டும்
ஓரமாக வைப்பது எங்கள் வழக்கம்.
ஜும்பர் தட்டில் பதினெட்டு.
புது மருமகன் தட்டில் பதினொன்று, பாவம், முயல்கிறான்.
என் தட்டில் ஒன்று.

"நாஸிப்ரோலா, உடம்புக்கு என்ன?"
உடம்புக்கு ஒன்றுமில்லை.
மார்ச் மாதம் திபிலிஸியில் படுத்து
வயிற்றில் நாலில் மூன்று பங்கை
வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.
அது இங்கே எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டே கேட்பது ஒரு கலை.

"வாயைக் கட்டத் தெரியாதவள்
வயிற்றை வெட்டிக்கொண்டாள்" என்றாள் மஸேவினார்,
மெல்லத்தான்,
எனக்குக் கேட்கிற அளவுக்கு மெல்ல.
"குறுக்குவழி" என்றது இன்னொரு குரல்.

அந்தக் குறுக்குவழி
ஐந்து துளைகள் வழியாகப் போகிறது.
மூன்று வருட வங்கிக் கடன் வழியாக,
ஒரு கிண்ணம் சூப்பைத் தேக்கரண்டியால் அளந்து
ஒரு மணி நேரம் குடித்த நாட்கள் வழியாக,
சீப்போடு வந்த முடி வழியாக.
ஒரு வாய் கூடிப்போனால்
நடுத்தெருவில் வியர்த்து, மின்கம்பத்தைப் பிடித்து
நிற்க வேண்டும், அதுவும் வழிதான்.
அதற்கு முன்னால் பதினாறு வருடம்
முட்டைக்கோஸ், புளித்த பால்,
மைத்துனி சொன்ன வினிகர் என்று
நேர்வழியில்தான் போய்க்கொண்டிருந்தேன்.
ஒவ்வொரு முறையும் அது என்னை
கிளம்பிய இடத்திலேயே இறக்கிவிட்டது,
கையில் இன்னும் ஆறு கிலோவைக் கொடுத்து.

கோச்சாவின் மினிபஸ்ஸில் எனக்கு இரண்டு டிக்கெட்.
பதினோரு வருடம்.
பேருந்து நிலையத்தில் நேரக் குறிப்பாளர் நான்,
அவன் வண்டி கிளம்பும் நேரத்தை எழுதுபவளே நான்தான்,
ஆனாலும் இரண்டு.
அன்றைக்கெல்லாம் அதே வண்டியில்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்தான்
இன்றைக்கு என் மன உறுதியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இறந்தவர்களுக்கான வாழ்த்து வந்தது.
ஜும்பர்தான் தமதா; எழுந்தான்,
தன் தகப்பனைச் சொன்னான், தொண்டை கம்மியது,
ரொட்டித் துண்டின் மேல் ஒயினைச் சொட்டவிட்டான்.
பிறகு, வம்புக்கோ அன்புக்கோ தெரியவில்லை,
சொல்லும் முறையை என் பக்கம் தள்ளினான்.

மினரல் வாட்டரோடு எழுந்தேன்.
எழுந்தபோது முழங்கால் முனகவில்லை.
அதை யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

"என் வயிற்றின் முக்கால் பங்குக்கு" என்றேன்.
"நல்ல வயிறு. சொன்ன வேலையைச் செய்தது.
ஒரு சாண் இடத்தில்
உங்கள் வீட்டு விருந்தை எல்லாம் ஏற்றுக்கொண்டது,
'இன்னும் கொஞ்சம்' என்றவர்களையும்
'இவ்வளவா?' என்றவர்களையும் சேர்த்து.
இரண்டையும் சொன்னது ஒரே வாய் என்று
அது ஒருநாளும் என்னிடம் கோள் மூட்டவில்லை.
எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது.
மண் லேசாக இருக்கட்டும்."

ரொட்டியின் மேல் தண்ணீரைச் சொட்டினேன்.

இதற்குக் குடிக்கலாமா கூடாதா என்று
ஜும்பர் முகத்தில் ஒரு பெரிய குழப்பம்.
தண்ணீரில் வாழ்த்துவது ஆகாது என்றாள் யாரோ.
புது மருமகன் சிரித்துவிட்டான்,
சிரித்ததற்காக இடி வாங்கினான்.
மஸேவினார் தன் தட்டைப் பார்த்தாள்.
கடைசியில் ஜும்பர் குடித்தான்,
குடித்துவிட்டு ஏதோ சொல்ல வந்து
உப்பைக் கேட்டான்.

இரவு கடைசி வண்டி கோச்சாவுடையது.
பாலம் தாண்டி இறங்கும்போது
பழக்கதோஷம், இரண்டு பேருக்கான காசைக் கொடுத்தேன்.
வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டான்.
கதவு திறந்திருந்தது. ரியோனி இருட்டில் இரைந்தது.
நான் இறங்கவில்லை.
கையை நீட்டியபடி நின்றேன்,
அவன் சில்லறை தேடும் வரைக்கும்.